கெய்ரோவுக்குப் பதில் ஜெர்சி சிட்டி

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நியூஜெர்சியின் எடிசனிலிருந்து காரில் கிளம்பினோம். கல்யாண நாளுக்கு நானும் என் மனைவி மாலதியும் கெய்ரோ போவதாகத்தான் இருந்தது. அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் டிக்கெட்டை ரத்து செய்தேன். கீமோ ஆரம்பித்தபின் வாயில் ருசி என்பதே போய்விட்டது. இன்னும் எடை குறைந்தால் அடுத்த கீமோ கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஈஜிப்ட்தான் போக முடியல. ஜெர்சி சிட்டில ஈஜிப்ஷியன் ஹோட்டல் நெறைய இருக்காமே, டிரைவ் பண்ணிட்டுப் போலாமா?" என்று அவளேதான் கேட்டாள். சாப்பாட்டைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே பெரிய விஷயம்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் சுமார் இருபத்தெட்டு மைல். லிண்டன் தாண்டும்போது எண்ணெய் ஆலை நாற்றம் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்துவிடும். மாலதி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள். ஜெர்சி சிட்டியில் பார்க்கிங் தேடிய நேரத்தில் பாதி நைல் நதியைச் சுற்றி வந்திருக்கலாம்.

சின்ன ஹோட்டல். சமைப்பதும் பரிமாறுவதும் தலையில் முக்காடிட்ட அறுபது வயது எகிப்துக்கார அம்மா ஒருவர். மாலதியோடு ஹோட்டலுக்குப் போவது கோர்ட்டுக்குப் போவது மாதிரி. பீன்ஸில் கொழுப்பு சேர்த்தீர்களா, இதே எண்ணெயில் கோழி பொரித்தீர்களா என்று சர்வரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஸ்பூனைத் தொட மாட்டாள். பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். அன்றைக்குப் பேசாமல் இருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எகிப்து போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் 'ஃபூல்': ஃபாவா பீன்ஸ் என்ற பெரிய பயறை மணிக்கணக்கில் வேகவைத்து மசித்து, சீரகமும் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டது. பிறகு 'தாமியா': அதே பயறை ஊறவைத்து அரைத்துப் பொரித்த வடை, பிட்டால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கும். 'குஷரி' என்பது சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில், மேலே தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும். பதினொரு டாலர். எனக்குப் பிடித்திருந்தது. மாலதி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "எல்லாமே மண்ணு மாதிரி இருக்குங்க," என்றாள்.

பக்கத்து மேஜையில் பச்சையாக ஏதோ குழம்பைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'மொலோகியா', ஒரு வகைக் கீரை என்றார் அந்த அம்மா. கீரை என்றால் சைவம்தானே. ஒன்று சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து யாரோ மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்கும் சத்தம். நான் பதறி எழுந்துவிட்டேன். மாலதிக்கு வலி வரும்போது கேட்கும் சத்தம் அது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தோடு வந்தார். பூண்டும் கொத்தமல்லி விதையும் தாளித்துக் கொட்டும்போது சமைக்கிறவள் அப்படி மூச்சை இழுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மொலோகியா ருசிக்காதாம்.

வெண்டைக்காய் போல வழவழவென்று இருந்தது. மாலதி ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய்.

"ஏங்க, பூண்டு தெரியுதுங்க!"

சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கவுன்ட்டருக்கு ஓடிப் பார்சலுக்கு இன்னொன்று சொன்னேன்.

"நல்லாச் சாப்பிடட்டும், உடம்புக்குத் தெம்பு வரும்," என்றார் அந்த அம்மா ஆங்கிலத்தில். "ஒரு முழுக் கோழியை வேகவைத்த தண்ணீர் அது."

சொன்னால் வாந்தி எடுப்பாள், இனி எதையுமே தொட மாட்டாள். சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"மாலதி, அது சிக்கன் வேகவெச்ச தண்ணில பண்ணதாம். சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் நிமிரவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு கேள்விகூடக் கேக்கல. நீங்க நோட்டிஸ் பண்ணலையா?"

ஒரு கிண்ணம் காலி செய்தாளே என்று சந்தோஷப்பட வேண்டியவன் நான். இதையே விட்டுவிட்டவள் இன்னும் எதையெல்லாம் விட்டுவிட்டாளோ என்று பயமாக இருந்தது. திரும்பும் வழியில் லிண்டனில் அவள் மூக்கைப் பொத்தவில்லை.

வீட்டில் கறி, முட்டை எதுவும் சமையலறைக்குள் வரக்கூடாது. எங்கள் பையன் வாங்கி வரும் கறிக்கென்றே கராஜில் தனி ஃப்ரிட்ஜ் வைத்தவள் அவள். பழக்கத்தில் பார்சலை அங்கே கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன்.

"அங்க எதுக்கு? உள்ள வைங்க. தயிர் பக்கத்துலயே வைங்க," என்றாள் வாசற்படியில் நின்று. "இனிமே யாருக்காக அதெல்லாம் பாக்கணும்?"

சமையலறை ஃப்ரிட்ஜில் தயிரை நகர்த்தி இடம் பண்ணினேன். கதவு திறந்தே இருக்கிறது என்று அது பீப் அடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.