பூட்டிய வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரன்

வெளியே கிளம்பும்போது நபீஸா கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். தம்பி மாஹிர் உள்ளே இருப்பான்.

பர்மாவில் இளைஞர்களைக் குலுக்கல் போட்டுப் பட்டாளத்துக்கு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து நகரத்து ஓரத்தில் இருக்கும் தாகேதாவில் பல வீடுகளில் இதுதான் நடைமுறை. மாஹிர் மலேசியாவில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பத்து வீட்டுக்கு ஒருவராக அரசாங்கம் வைத்த தலைவர் ஊ சோ நைங் எதிரில் வந்தால், "மா நபீஸா, தம்பி நல்லா இருக்கானா?" என்று பர்மிய மொழியில் விசாரிப்பார். "நல்லா இருக்கான், கொஞ்சம் தொந்திகூடப் போட்டிருக்காம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். வீட்டுக்குள் அவனோ மெலிந்துகொண்டே வந்தான்.

நபீஸா ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவள். லுங்கித் துணியை மூட்டித் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அவள் போடும் மூட்டு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. தம்பியை ஒளித்து வைப்பதையும் அதே சுத்தத்தோடுதான் செய்தாள். அவன் செருப்பு வாசலில் கிடக்கக்கூடாது. கொடியில் ஆண் துணி தொங்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணைக்குள் இரும வேண்டும். வீடு பூட்டியிருக்கையில் கரண்ட் வந்தாலும் விளக்கு எரியக்கூடாது. "இன்னும் என்ன விட்டுப்போச்சு, சொல்லு வாப்பா" என்று அவனிடமே கேட்பாள். "மூச்சுதான் லாத்தா. அதையும் கொஞ்சம் மெதுவா விட்டுக்கிறேன்" என்பான்.

உம்மா இறந்தபோது அவன் சின்னப் பிள்ளை. வளர்த்து ஆளாக்கியது இவள்தான். அவன் நகரத்துக்குள் ஒரு மொழிப் பள்ளியில் பிரெஞ்சு படிக்கப் போனபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். "பிரெஞ்சு படிச்சு லுங்கிக்கா மூட்டுப் போடப் போறான்?" என்று கேட்ட மீரா முகைதீன் மாமாவுடன் அவள் இரண்டு பெருநாள் பேசவில்லை. படித்து முடித்தவன் வெளிநாட்டுப் படங்களுக்குப் பர்மிய சப்டைட்டில் எழுதினான். அவன் எழுதிய படம் ஓடுகிறது என்றால் அவள் தையல் மெஷினை மூடிவிட்டு, தெருவில் இருப்பவர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போவாள். ஒளிந்த பிறகும் பழைய ஆசிரியை ஒருவர் ரகசியமாக வேலை அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தது ஒரு பிரெஞ்சு நாடகக்காரனின் வாழ்க்கைப் படம்.

பொய்முடியும் பட்டுக் கோட்டுமாகப் பழங்காலத்துப் படம். அவன் கடிகாரக்காரன் மகன். அரண்மனைக்குள் நுழைந்து ராஜா மகள்களுக்கு வாத்தியம் சொல்லிக் கொடுக்கிறான். வழக்குப் போட்டுத் தோற்கிறான், பிறகு ஜெயிக்கிறான். வேவு பார்க்கக் கடல் தாண்டுகிறான். பொய்யாக ஒரு வியாபாரக் கம்பெனி வைத்து, கலகக்காரர்களுக்குக் கப்பல் கப்பலாகத் துப்பாக்கி அனுப்புகிறான். நடுவில் நாடகம் எழுதுகிறான். ராஜா தடை போடுகிறார். பிறகு தடை நீங்கி, ஊரே அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது.

மாஹிர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் லேப்டாப் வெளிச்சத்தை மறைத்து எழுதினான். ஒரு வரிக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். கரண்ட் எட்டு மணி நேரம் போனால் பேட்டரி செத்துவிடும். பிறகு வரிகளை வாயாலேயே சொல்லிப் பார்ப்பான்.

"இந்த ஆள் ஒரு இடத்துல உட்கார மாட்டானா?" என்று கேட்டாள் நபீஸா.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் உட்கார்ந்திருக்கேனே லாத்தா."

படம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சின்ன அரங்கில் என்று முடிவானது. மாஹிருக்குப் போக ஆசை. நகரத்துக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்க்கிறார்கள். முடியவே முடியாது என்றாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் போறேன். எங்கெங்கே சிரிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்றேன். ஒண்ணுகூட விடமாட்டேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். "நீ சிரிக்காதே லாத்தா. நீ சிரிச்சா அரங்கத்துல வேற யாரு சிரிச்சாலும் கேக்காது."

அரங்கில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. வாலிபர்கள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. நரைத்த தலைகள், சில பெண்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். தடை செய்த நாடகத்தை நாடகக்காரன் ராஜாவுக்கே வாசித்துக் காட்டும் இடத்தில் மாஹிர் வாரக்கணக்கில் உழைத்திருந்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கிப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றும்போது முன்வரிசைப் பெண்மணி ஒருவர் எழுந்து, குனிந்தபடியே வெளியேறினார். அப்புறம் யாரும் இருமக்கூட இல்லை. கடைசியில் எழுத்து ஓடியபோது பர்மிய சப்டைட்டில் என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. மாஹிர் சொல்லித்தான் அப்படிப் போட்டிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த முதிய பர்மியப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார் எழுதினாங்களோ, அருமையான மொழி" என்றார்.

நபீஸாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தம்பி பெருமையைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "ஆமாம்மா, நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸில் வரும்போது எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். சிரிக்கவில்லை என்று சொன்னால் உடைந்துவிடுவான். அழுதார்கள் என்று சொன்னால் நம்புவானா?

தெருமுனையில் இறங்கியபோது அவள் வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. பூட்டு, கொண்டியோடு பிய்ந்து படியில் கிடந்தது.

எதிர்வீட்டு சத்யபாமா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நபீஸாக்கா, நீங்க போய்க் கொஞ்ச நேரத்துல கரண்ட் வந்துச்சு. தெருவே மீ லா ப்யீ, மீ லா ப்யீன்னு கத்துச்சு. எல்லா வீட்லயும் மோட்டார் போட்டாங்க. உங்க வீட்லயும் ஓடுச்சு."

நபீஸாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊர் இது. கரண்ட் வந்துவிட்டது என்ற அந்தச் சத்தம் கேட்டதும் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடி மோட்டாரைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் சோறாக்கத் தண்ணீர் இருக்காது. அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து அந்த வேலை மாஹிருடையது. உறக்கத்தில் கேட்டாலும் எழுந்து ஓடுவான். விளக்கைச் சொன்னாள், இருமலைச் சொன்னாள், செருப்பைச் சொன்னாள். மோட்டாரை யார் நினைத்தார்கள்? அவள் இருக்கும் நேரத்தில் அது ஓடினால் தப்பில்லையே.

"பூட்டின வீட்ல யாரு மோட்டார் போட்டதுன்னு ஊ சோ நைங் நின்னு கேட்டார். உடனே அணைஞ்சுபோச்சு. அணைஞ்சதுதான்கா வினையாப்போச்சு. போய்ப் பட்டாளத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டார்."

"தண்ணி இப்பவும் ஓடுதே?"

"வந்தவங்கள்ல ஒருத்தன் குளிக்கிறதுக்கு மோட்டாரைப் போட்டான். தம்பியை இழுத்துக்கிட்டு நிறுத்தாமப் போயிட்டாங்க, தொட்டி வழியுது."

நபீஸா உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினாள். போர்வை மடிக்காமல் கிடந்தது. மேஜைமேல் மாஹிரின் கண்ணாடி இருந்தது. அது இல்லாமல் அவனுக்கு எதிரில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது.

வட்டார அலுவலகத்தில் ஊ சோ நைங் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "என் கோட்டாவுல ஆள் குறைஞ்சா என் மகனை எடுப்பாங்க, மா நபீஸா. என் இடத்துல நீ இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பே."

அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் கொடுமை.

"எங்கே கொண்டுபோனாங்க?"

"எனக்குத் தெரியாது. மேலே அனுப்பியாச்சு."

ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊர் முகாமில் என்றார். மறுநாள் விடிந்ததும் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, துணியில் சுற்றிய கண்ணாடி எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனாள். வெயில் ஏறும்வரை ஒரு கேட்டின் முன்னால் நின்றாள். அப்படிப் பெயருள்ளவன் இங்கே இல்லை என்றார்கள். கண்ணாடியையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வந்தால் கொடுங்கள் என்று கெஞ்சினாள். காவல்காரன் துப்பாக்கி முனையால் தெருவைக் காட்டினான். அவனுக்கும் மாஹிர் வயதுதான் இருக்கும்.

அதற்கு அடுத்த நாள் இன்னொருவர் ஷ்வேப்யிதா பக்கம், வீடுகள் முடிகிற இடத்தில் என்றார். ஃபாக்டரிக்குப் போகும் பெண்கள் நிறைந்த பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தமாகப் பெண்கள் இறங்கிப் போனார்கள். கடைசியாக மீதமிருந்த ஒருத்தி இறங்க எழுந்தபோது இவளைப் பார்த்தாள்.

"நீங்க எங்கே இறங்கணும்?"

"இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே, வயல்தான்."

"அப்படீன்னா அங்கேதான்" என்றாள் நபீஸா.