விற்பதற்காகவே குடியிருந்தவர்

என் அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு ஒரு நல்லது செய்திருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

என் கணவர் போன பிறகு நான் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிப்பேன். வெட்கம், யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் அத்தான் ஏதோ விலாசம் கேட்க வந்தவர், உள்ளே போய்க் கை கழுவிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவில் பித்தளைத் தாழ்ப்பாள். உங்க அத்தான்தான் வந்து முடுக்கிவிட்டுப் போனார் என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். நான் நன்றி சொன்னபோது காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார். அது புதுத் தாழ்ப்பாள் இல்லை. அவர் விற்ற ஏதோ ஒரு வீட்டிலிருந்து, சாவி கொடுப்பதற்கு முந்தின நாள் கழற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். கடவுள் அதை மறக்கமாட்டார்.

மற்றதையெல்லாம் அவர் மறந்தால்தான் அத்தானுக்கு நல்லது.

அத்தானுக்கு பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். மெக்கானிக்குகளுக்கு நட்டு, போல்ட்டு, பேரிங் எடுத்துக் கொடுக்கிற வேலை. சட்டைப் பையில் எப்போதும் அளக்கிற இரும்பு டேப் ஒன்று வைத்திருப்பார். எங்கள் சொந்தத்தில் அவருக்கு 'டேப்பு' என்றே பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பிறகு குழாயைத் திறந்து மூடுவார். அதன் பிறகுதான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். என் கணவர் இறந்ததைக் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். இவர் என் தலைக்கு மேலே இருந்த சுவரைத் தட்டிவிட்டு, "ஒன்பது இஞ்சு சுவர்" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு வீடு வாங்கினார், ஆறு வீடு விற்றார். ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதுதான் கடைசி என்பார். குடிபோன ஆறாம் மாதம் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார். தெரு குறுகல் என்பார், மத்தியான வெயில் என்பார், பக்கத்து வீட்டு நாயின் முகம் சரியில்லை என்றுகூட ஒரு வீட்டை விற்றிருக்கிறார். அவர்கள் மகள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினாள். கல்யாணம் ஆனதும் வெளியூர் போய்விட்டாள். "அங்கயாவது ஒரே கதவைத் தொறந்து மூடலாம் சித்தி" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவர் எந்த வீட்டிலும் குடியிருந்ததில்லை. விலைக்குத்தான் வைத்திருந்தார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, வாங்க வருகிறவன் ஓட்டையைக் காட்டி விலை குறைப்பான். அதனால் கடிகாரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், நாம் நின்றுகொண்டு மணி பார்க்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் புகை படியும் என்று அக்கா எதையும் எண்ணெயில் பொரிக்கக் கூடாது. சுவரில் சாய்ந்து உட்காரக் கூடாது, தலை எண்ணெய் படும். என் அக்கா இத்தனை வருஷமும் அடுத்தவன் வீட்டில்தான் குடியிருந்தாள். அந்த அடுத்தவன் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வீடு காட்டுகிற நாளில் பார்க்க வேண்டும் அவரை. அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை சிரித்துப் பேசாத மனிதர், வாசலிலேயே நின்று வாங்க வாங்க என்பார். ஈரம் ஊறுகிற சுவருக்கு முந்தின வாரமே பெயின்ட் அடித்து வைத்திருப்பார். நான்காவது வீட்டில் கூடத்துச் சுவரில் ஒரு விரிசல். அதை மறைக்க வேறு வழி இல்லாமல் அதன் முன்னால் என் அக்காவை நிறுத்திவிட்டார். கையில் தண்ணீர்த் தட்டு. வந்தவர்கள் உட்காரச் சொன்னபோதும் அவள் உட்காரவில்லை. உங்க வீட்டம்மாவுக்கு என்ன மரியாதை என்று வாங்க வந்தவர் மெச்சிப் போனாராம். அத்தான் இதை எத்தனையோ முறை எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏழாவது வீடு தரைத்தளம். இரண்டே அறைகள், தெருப்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அக்காவுக்கு அதற்குள் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒரு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் நின்று பேசுவார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற வேலையை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு இவளோடு பேசுவாள். என் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒரு சிநேகிதி கிடைத்தாள். நான் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

வழக்கம்போல ஆறு மாதத்தில் அத்தான் குறை கண்டுபிடித்தார். தரைத்தளமாம், தூசியாம். ஒரு மருந்துக்கடைக்காரரிடம் இந்த வீட்டுக்கு அச்சாரம் வாங்கிவிட்டு, ஒரு பள்ளி வாத்தியாரின் மூன்றாம் மாடி வீட்டுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டார். அங்கே லிஃப்ட் இல்லை. அக்காவிடம் சொன்னதே பத்து நாள் கழித்துத்தான்.

அக்கா அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய் திறந்தாள். நானும் இருந்தேன்.

"மூணு மாடி என்னால ஏற முடியாதுங்க."

"லிஃப்ட் போடப் போறாங்க. பேசிக்கிட்டிருக்காங்க."

"போடட்டும். போட்டப்புறம் வரேன்."

"அதுவரைக்கும்?"

"இங்கேயே இருக்கேன்."

"இது இன்னொருத்தன் வீடு. அச்சாரம் வாங்கியாச்சு. நெனச்சா நெனச்ச எடத்துல இருக்கறதுக்கு நீ என்ன பூனையா?"

அவ்வளவுதான் பேச்சு. அக்கா என்னிடம் மட்டும் பிறகு சொன்னாள், ஏற்றிவிடுவார்கள், ஏறிவிடுவேன், ஆனால் இறங்கமாட்டேன் என்று. அவளை அங்கிருந்து இறக்குவதற்கு நான்கு பேர் வர வேண்டும் என்றாள். எந்த நான்கு பேர் என்று எனக்குப் புரிந்தது. நான் வீட்டுக்குப் போய் மண்டியிட்டு வேண்டினேன். எதையும் கேட்கத் தெரியவில்லை. அவள் கால்களைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

இங்கே டிப்போ விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது எங்களுக்குத் தெரிந்தது பின்னால்தான். மெக்கானிக்குகள் எல்லாரும் திருடர்கள் என்பது அத்தானின் எண்ணம். அதனால் ஸ்டோரில் புது பேரிங்கெல்லாம் 'கழிவு' என்று எழுதிய பெட்டியில் இருக்கும். நல்ல போல்ட்டுகள் 'துரு' என்ற பெட்டியில் இருக்கும். எதில் எது என்று அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவர் லீவு போட்டால் டிப்போவில் பாதி பஸ் நிற்கும். அதையும் ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தார்.

ஆறாவது வீட்டிலிருந்து ஏழாவதுக்கு வந்தபோது, 'பாத்திரம்' என்று எழுதியிருந்த பெட்டி ஒன்று லாரியிலேயே காணாமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை டிப்போ மூளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்காவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பெண்களிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்பது அவர் கட்சி. ஒரு வாரம் லீவு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவரே தனியாகக் கட்டினார். பெட்டிகளுக்கு நாலாபக்கமும் டேப் ஒட்டி, தடிப் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினார். பழைய பேப்பர். உடைந்த பொம்மை. செங்கல் துண்டு. கிழிந்த துணி. இந்த மனிதர் செங்கல் துண்டைக்கூட விட்டுவைக்கமாட்டாரா என்று நான் நினைத்தேன். அவரைப் பற்றி அப்படி நினைப்பது கஷ்டமாகவே இல்லை.

பத்திரப் பதிவுக்கு மூன்று நாள் இருந்தது. அத்தான் மின்சார ஆபீசுக்கு, பெயர் மாற்ற மனு கொடுக்கப் போயிருந்தார். நான் அடுக்களை துடைக்க வந்திருந்தேன். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் பழைய துணி சேர்ப்போம். கொஞ்சத்தைக் கால்மிதியாகத் தைத்துவிட்டு, மீதியை மாதம் ஒருமுறை கந்தல் மில் லாரிக்குப் போடுவோம். வருகிற பணம் வைத்தியச் செலவுக்கு இல்லாதவர்களுக்குப் போகும். லாரி அன்றைக்குத்தான் வந்தது. அக்கா அந்தக் 'கிழிந்த துணி' பெட்டியைக் காட்டி, இதையும் எதற்கு மூன்று மாடி ஏற்ற வேண்டும், கொண்டுபோய்ப் புண்ணியம் கட்டிக்கொள் என்றாள். பெட்டி கனமாக இருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதித்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். மத்தியானம் லாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். அத்தான் பெட்டிகளை எண்ணிக்கொண்டே வந்தவர் நின்றார். மறுபடி எண்ணினார்.

"இங்க இருந்த கிழிஞ்ச துணி எங்க?"

"குடுத்தாச்சு. இவ கூடத்துக்குக் கொண்டுபோனா" என்றாள் அக்கா.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"கிழிஞ்ச துணிக்குமா கேக்கணும்?"

"அதுல கிழிஞ்ச துணி இல்லடி."

"நீங்கதானே எழுதியிருந்தீங்க."

"எழுதியிருந்தா? எழுதியிருந்தா அப்படியே நம்பிடறதா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த 'செங்கல் துண்டு' பெட்டிமேல் உட்கார்ந்தார். உள்ளே பீங்கான் தட்டுகள் நொறுங்கின.

கிழிந்த துணிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறையில் வீட்டின் மூலப் பத்திரம் இருந்தது. வரி ரசீது, வரைபடம், முன்னால் இருந்த மூன்று சொந்தக்காரர்களின் பத்திரங்கள், எல்லாம் அதிலேயே. பீரோவில் பூட்டி வைத்தால் பீரோவைத்தான் முதலில் உடைப்பார்களாம். அதனால் யாரும் தொடாத இடத்தில் வைத்திருக்கிறார்.

அவரோடு நானும் கந்தல் மில்லுக்குப் போனேன். அங்கே வீடு உயரத்துக்குத் துணிக் கட்டுகள். எந்திரத்தில் அழுத்தி, கம்பி போட்டுக் கட்டியவை. முந்தின நாள் வந்ததில் பாதி ஏற்கெனவே வேறு ஊருக்குப் போய்விட்டது. எந்தக் கட்டு யாருடையது என்று அங்கே யாருக்குத் தெரியும்? மேஸ்திரி நல்ல மனிதர், இரண்டு கட்டைப் பிரித்துக்கூடக் காட்டினார். அத்தான் பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஒரு கட்டின் நீளம் அகலம் அளந்தார். அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். அதற்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவரிடம் இல்லை.

மூலப் பத்திரம் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று மருந்துக்கடைக்காரர் அச்சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். வாத்தியார் காத்திருக்கவில்லை, வேறு ஆளுக்கு விற்றுவிட்டார். நகல் பத்திரம் வாங்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் விஷயம் தரகர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யார் வந்தாலும் முதல் கேள்வி அசல் எங்கே என்பதுதான். அத்தான் திருட்டுப் போய்விட்டது என்று சொல்வார். பத்திரம் திருட்டுப் போன வீட்டை எவன் வாங்குவான்? தன் புத்தியால் போனது என்று ஒருவரிடமும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைக் கடவுள்தான் செய்தார் என்று எங்கள் கூடத்தில் சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இந்த மனிதரைத் தோற்கடிக்கக் கடவுள் எதற்கு? மனசு கேட்காமல் நான் அக்காவிடம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று அழுதேன். அவள் ஜன்னலோரம் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா நானே ஆட்டோ கூப்பிட்டிருப்பேன்" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்தார்கள். அக்கா ஒரு படி ஏறவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் இருட்டும்போதுதான் மூடுவாள். அத்தான் ரிட்டையர் ஆகி வீட்டிலேயே இருந்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரிதான் இருந்தார். பாதிப் பெட்டிகளை அவர் பிரிக்கவே விடவில்லை. நல்ல போர்வை உள்ளே கிடக்க, இரண்டு பேரும் பழசைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வீடு விற்பனைப் பக்கத்தை மட்டும் கையில் எடுப்பார். ஊரில் இருந்த எல்லா வீட்டின் விலையும் அவருக்குத் தெரியும். தன் மனைவி காலையில் என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரியாது.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்காவால் அவ்வளவு தூரம் வர முடியாது, நான்தான் போய் வந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தார். மறுநாள் விடியும்போது போய்விட்டார். அந்தச் சாயங்காலம் நான் கிளம்பும்போது, அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா அத்தான் என்று கேட்டேன். ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆசை. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினார். குனிந்தேன்.

"ஏம்மா, நம்ம வீட்டை ஒருத்தன் கேட்டிருக்கான். நகல் பத்திரமே போதுமாம். உங்க அக்காகிட்ட இப்ப சொல்லிடாத."