இடது கடைவாய்ப் பல்

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள அந்தக் கம்பெனியில் மொத்தம் பதினொரு பேர். எல்லாரையும்விட அதிகம் உழைத்தது மிரேயின் தலைதான். மனதில் நினைத்தாலே திரையில் புள்ளி நகரும்படி ஒரு தொப்பி செய்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் போட்டால் புள்ளி தடுமாறும். மிரேய் போட்டால் சொன்ன இடத்துக்குப் போய் நிற்கும். பணம் போட வருகிறவர்கள் முன்னால் இரண்டு வருஷமாக அவள்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, தொப்பி ஒட்டிப் பதியத் தலைமுடியில் அப்பிய பசையை, காப்பிக் கோப்பைகள் கிடக்கும் தொட்டியிலேயே கழுவிக்கொள்வாள். பாத்திர சோப்புக்குப் பக்கத்தில் அவளுடைய ஷாம்பு நிற்கும்.

திங்கட்கிழமை பல் டாக்டர் கேட்டார்: "இடது பக்கம் மட்டும் இப்படித் தேய்ஞ்சிருக்கே. பகல்ல எதையாவது பிடிவாதமா கடிக்கிறீங்களா?"

"நான் நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருக்கிறவ டாக்டர்."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு போகும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் தொப்பியை மாட்டியதும் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டாள். உயிரைக் கொடுத்து நினைத்தும் புள்ளி அசையவில்லை. பிறகு கம்பெனியை நடத்தும் தியெரியைக் கூப்பிட்டாள்.

"பால், வெண்ணெய், பூனைக்குத் தீனி. இதைத்தான் நினைக்கிறேன். இப்போ பல்லைக் கடிக்கிறேன். புள்ளியைப் பாரு."

புள்ளி ஓடியது. தியெரி உட்கார்ந்துவிட்டான்.

"மூளை அலையில கலக்குற தசைத் துடிப்பை வடிகட்டத்தானே ஆறு மாசம் மாரடிச்சோம்?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்த என் தலையை வச்சுத்தானே வடிகட்டுனீங்க."

வியாழக்கிழமை தொப்பியைப் போட்டுப் பார்க்க முதல் நோயாளி ஷப்புயி வருகிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு அசைவது கண்ணிமை மட்டும்.

"வியாழன் முடியட்டுமே மிரேய். அவர் தலையில வேற மாதிரி வரலாம்."

"வரலைன்னா தனக்குத்தான் நினைக்கத் தெரியலைன்னு நினைச்சுப்பாரு. அதை இமையால சொல்லி முடிக்கவே அரை மணி ஆகும்."

தியெரி திரையை அணைத்தான். பிறகு போனை அவள் பக்கம் தள்ளினான். "நீயே பேசு. என்னால முடியாது."

மறுமுனையில் ஷப்புயியின் மனைவி முந்திக்கொண்டாள். "தொப்பி நல்லாப் பதியணும்னு இன்னைக்குத்தான் அவருக்கு முடி வெட்டிவிட்டேன்."

மிரேய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"தள்ளிப் போடுறீங்களா, இல்ல கிடையாதுன்னே சொல்றீங்களா?"

"தெரியலை மேடம். எங்க மெஷினுக்குத்தான் இன்னும் ஒண்ணும் தெரியலை. சார் மேல தப்பு இல்லை. அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன். கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

போனை வைத்துவிட்டுத் தொட்டியருகே போனாள். யாரோ கோப்பைகளை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தபோதுதான் கவனித்தாள், இடது தாடை இன்னும் இறுகியே இருந்தது.