எண்ணெய் குடித்த சீட்

என் வீட்டுக்காரர் லியாகத் அலிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அவர் போகாத ஊர் இல்லை.

கார்களின் தோல் சீட்டைத் துடைத்துப் பதமாக்குவது அவர் தொழில். செவிலிமேட்டில் எங்கள் வாசலுக்கே கார்கள் வரும். சோப்பு நுரையில் அழுக்கெடுத்து, கிரீம் பூசி முடித்ததும் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால், "ஊட்டிக்குப் போய்க்கினு இருக்கேன் சல்மா, சும்மா இரு" என்பார். பதினெட்டு வருஷமாக இந்தக் கூத்துதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது.

போன தை மாசம் நெசவாளர் சிட்டிபாபு ஒரு பழைய காரோடு காலையிலேயே வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கியது. சீட் அசல் தோல். பளபளக்கட்டும் என்று அவர் மனைவி கமலவேணி ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டார். தொட்ட கையெல்லாம் எண்ணெய்.

"சாயங்காலம் பொண்ணை இதுலதான் மண்டபத்துக்கு அழைச்சிக்கினு போறோம் பாய். ஊருக்கெல்லாம் நெய்ஞ்சேன். என் பொண்ணுக்குன்னு நெய்ஞ்சது இன்னிக்கு அவ கட்டப்போற இந்த ஒரு பட்டுப்புடவைதான்."

"பெட்ஷீட் விரிச்சிக்கலாமே?" என்றேன்.

"சொந்தக் காருல பொண்ணைத் துணி விரிச்சா உட்கார வைக்கறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் சீட் முழுக்கப் பவுடர் தூவினார். அது எண்ணெயை இழுக்கும்வரை காத்திருந்து துடைத்தார். மறுபடி தூவினார். மத்தியானம் கையில் ஒட்டவில்லை. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

"பட்டுல ஒட்டுதான்னு பார்க்கணும். உன் நிக்காஹ் புடவை..." என்று இழுத்தார். எனக்கிருந்த ஒரே பட்டு அது.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றேன். உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்தேன். வாய்விட்டு எதையும் கேட்டறியாத மனுஷன், கேட்டுவிட்டார்.

பின்சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தெருச்சத்தம் நின்றுபோனது. கண்ணாடி வழியாக வெயில் மடியில் விழுந்தது.

"எங்க போலாம்?"

"திருமுக்கூடல்."

"அவ்ளோ கிட்டயா?" என்று சிரித்தார். நானும் கண்ணை மூடினேன். கார் நகர்ந்தது என்று சத்தியமே செய்வேன். மூன்று ஆறும் சேருமிடத்தில் இறங்கினோம். ஈர மணல் காலடியில் ஜில்லென்றிருந்தது. அவர் முன்னால் நடந்தார், நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவசரமே இல்லை.

கண்ணைத் திறந்து, காரைவிட்டு இறங்கிப் புடவையைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவு எண்ணெய்க் கறை. அவர் இன்னும் ஆற்றங்கரையில்தான் இருந்தார். மடிப்புக்குள் மறைத்திருப்பேன். ஆனால் சாயங்காலம் அந்தப் பெண்ணின் புடவையிலும் இதேதானே விழும்?

"ஏங்க, எண்ணெய் இன்னும் இருக்குது."

அவர் சீட்டைப் பார்க்கவில்லை. என் புடவையைத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

"புடவை கிடக்குது. பொண்ணு கிளம்ப மூணு மணி நேரம் இருக்குது. பவுடரை எடுங்க" என்றேன்.

பவுடர் தீர்ந்தது. சமையலறைச் சோளமாவையும் கொட்டித் துடைத்தோம். அதே புடவையோடு மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். புதுக்கறை இல்லை. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மண்டபத்தில் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பின்னால் போய் நின்று அவள் புடவையைப் பார்த்தோம். பொட்டுக் கறை இல்லை. அத்தனை பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.