கல்லீரல் இல்லாதவருக்குப் பொட்டு

அபுதாபிப் பாலைவனத்து ஊரான அல் ஐனில் எங்கள் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானக்கூடம் ஒரு குளியலறை. பள்ளியே ஒரு வாடகை வில்லா. ஹாலில் ஐந்தாம் வகுப்பு, சமையலறையில் இரண்டாம் வகுப்பு, கார் நிறுத்தும் கொட்டகையில் நாங்கள், எட்டாம் வகுப்பு, ஒன்பது பேர். குளியல்தொட்டி மேல் பலகை போட்டு, பலகை மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு, நான்கு சோதனைக்குழாய். அதில் ஒன்றில் எப்போதும் யாராவது பேரீச்சங்கொட்டையைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆக்ஸிஜன் தயாரிக்கும் முறையைக் கரும்பலகையில் படமாக வரைந்துகொள்வோம். ஆக்ஸிஜன் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஊரை நாங்கள் ‘சிட்டி’ என்றுதான் சொல்வோம். எங்கள் பள்ளியை நடத்திய இந்தியர் சங்கத்துக்கே அங்கே இன்னொரு பள்ளி இருந்தது. ஒரே சங்கம், ஒரே தலைவர், ஒரே ஃபீஸ். ஆனால் சிட்டிப் பள்ளிக்கு மாடி, ஏசி, சாய்வான நாற்காலிகள் போட்ட அரங்கம், வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக்கல். எங்களுக்கு அங்கிருந்து கால் உடைந்த நாற்காலிகள் வரும். கால் மட்டும் தனியாக வந்த வருஷமும் உண்டு. அப்பா ஒருமுறை சங்கத் தலைவரிடம் கேட்டே விட்டார். அவர் ரொம்ப நியாயமாகப் பதில் சொன்னாராம்: “அல் ஐன்ல கல்லு வச்சா யார் சார் வந்து படிப்பா? ஒட்டகமா?”

அந்த வருஷம் எங்களுக்கு ஒரே கவலை. டெல்லி போர்டின் அங்கீகாரம் கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பு தொடங்கலாம். கிடைக்காவிட்டால் நான் ஊருக்குப் போக வேண்டும். திருச்சியில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் அப்பா விண்ணப்பமே போட்டுவிட்டார். அம்மா பகலில் சும்மா இருப்பாள். குளிக்கும்போது அழுவாள். தண்ணீர் லாரி வாரம் இரண்டு முறைதான் வரும் என்பதால் அழுகைக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நானோ ஹாஸ்டலில் பேய் உண்டா, ஐஸ்கிரீம் உண்டா என்று மாறிமாறி யோசித்து, இரண்டுக்கும் ஒரே அளவு பயந்துகொண்டிருந்தேன்.

டெல்லியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், முதலில் சிட்டி, மறுநாள் அல் ஐன் என்று செய்தி வந்தது. குளியல்தொட்டியைக் காட்டி யாரும் அங்கீகாரம் வாங்க முடியாது. பெற்றோர் குழுவின் செயலாளர் அப்பா. மின்சாரத் துறையில் எஞ்சினியர், ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அவரே போய்ச் சங்கத் தலைவரிடம் நின்றார். தலைவர் சிட்டிப் பள்ளியின் சாமான்களை ஒரு நாள் இரவல் தரச் சம்மதித்தார். கொடுப்பதைவிட இரவல் தருவது மலிவு என்று அறிந்தவர். மாலைக்குள் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எங்களிடம் வரும் நாள் காலை சங்கத்தின் பிக்கப் வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாங்கள் ‘டிரைவர் அண்ணன்’ என்று கூப்பிடுபவர். பின்னால் ஆறு மைக்ராஸ்கோப், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, அப்புறம் இடுப்பு வரைக்குமான ஒரு பிளாஸ்டிக் மனிதர். நெஞ்சைத் திறந்தால் இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம். கல்லீரல் மட்டும் கிடையாது. சிட்டிப் பிள்ளைகள் எப்போதோ தொலைத்துவிட்டார்கள். முகத்தில் பாதிக்குத்தான் தோல். மற்ற பாதி சதையும் நரம்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டருக்குச் சமைக்க வந்திருந்த அம்மா இவற்றை வரிசையாகப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வாசலைத் தாண்டினாலும் அம்மாவின் மோதிரவிரல் தானாகக் குங்குமத்துக்குப் போகும். ஃபிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. ஏசிக்கு உண்டு. அப்பாவின் டொயோட்டாவுக்கு நான்கு சக்கரத்திலும் உண்டு. தலைமையாசிரியை அந்தப் பக்கம் பூ வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், ஆறு மைக்ராஸ்கோப்புக்கும் தராசுப் பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டன. பிளாஸ்டிக் மனிதருக்கும். தோல் இருந்த பாதி நெற்றியில்.

“என்னடி பண்ணித் தொலைச்சே? இரவல் சாமான்டி!” அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நல்ல காரியத்துக்கு வந்திருக்கு, வெறும் நெத்தியா நிக்கட்டுமா?”

துடைத்தார்கள். எண்ணெய் கலந்த குங்குமம், தேய்க்கத் தேய்க்கப் பெரிதாகியது. அதற்குள் கார் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கும்பகோணத்துக்காரர், டெல்லியில் வெகுகாலம் இருந்து வெளுத்தவர். எல்லோரிடமும் ஆங்கிலத்தில் தலையாட்டியபடி நடந்து, கொட்டகையில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவே பிளாஸ்டிக் மனிதர் முன்னால் நின்றார். நெஞ்சைத் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

“இவருக்குக் கல்லீரல் எங்க சார்?”

அப்பா, “இல்லைங்க சார்” என்றார்.

“நேத்தும் இல்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஆனா நேத்து பொட்டு இல்லை.”

நாங்கள் ஒன்பது பேரும் சுவரோரம் வரிசையாக நின்றோம். திருச்சி என் காதுக்குள் ரயில் மாதிரி இரைந்தது. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “நான் வச்சதுதாங்க. தப்புன்னா என்னைச் சொல்லுங்க. கொழந்தைங்களைச் சொல்லாதீங்க.”

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. சாப்பிட்டார். வத்தக்குழம்பு இரண்டாம் முறை கேட்டார். கை கழுவிவிட்டு அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுத் தமிழில் சொன்னார்: “ஒரு சாமானை ரெண்டு ஸ்கூல் லிஸ்ட்ல எழுத முடியாது சார். சிட்டி ரிப்போர்ட்டை இன்னும் முடிக்கல. நாளைக்கு மத்யானம் இங்க ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுதான் ஏர்போர்ட் போறேன். அப்போ எது எங்க இருக்கோ, அங்க எழுதறேன்.”

கார் போனதும் பெரியவர்கள் பொரிந்தார்கள்.

“கையெழுத்துப் போட்டிருக்கேன். சாயங்காலம் போய்ச் சேரணும்” என்றார் அப்பா.

“கையெழுத்தா, பொண்ணா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள் அம்மா.

“திருடச் சொல்றியா?”

“இருக்கட்டும்னு சொல்றேன். நாம எங்கயும் தூக்கிட்டுப் போகலியே!”

அப்பா சாமான்களை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் நானும் அழுதிருப்பேன். ஏற்றப் போன நேரத்தில் டிரைவர் அண்ணன் வந்து நின்றார்.

“சார், வண்டி ஸ்டார்ட் ஆவல.”

“காலைல நல்லாத்தானே வந்துது?”

“வர்றப்ப வந்துச்சு சார்.”

அப்பா பானட்டைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பேட்டரி ஒயர் ஒன்று கழன்று, யாரோ பக்குவமாக மடித்து வைத்த மாதிரி ஓரமாகக் கிடந்தது. எட்டாம் வகுப்புக்குக்கூடத் தெரியும் கோளாறு. அப்பாவோ ஒரு ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவர். ரொம்ப நேரம் குனிந்தபடி நின்றார். பிறகு பானட்டை மூடினார்.

“பெரிய ரிப்பேர்” என்றார். “ஸ்பேர் வரணும். ரெண்டு நாள் ஆகும்.”

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். நன்றாகவும் சொன்னார். சிட்டியிலிருந்து தலைவர் ஃபோனில் கத்தியபோது, “ஸ்பேர் மாஃபி சார், மாஃபி” என்று அரபியில் ‘இல்லை’ சொல்லிக் கையை விரித்தார். ஃபோனில் கை தெரியாது என்பதையும் மறந்துவிட்டார்.

அம்மா டிரைவர் அண்ணனுக்கு இலை போட்டாள். “உங்களுக்கு ஏன் அண்ணே இந்த வம்பு?” என்று கேட்டாள்.

“வம்பு என்னக்கா! எம்மக படிக்கப்போறது அங்கயுமில்ல, இங்கயுமில்ல. ஃபேமிலி விசா நமக்கு ஏது? ஊர்ல அஞ்சு கிளாசுக்கு ஒத்த வாத்தியாரு. அவரும் பாதி நாளு ரேஷன் கடையில நிக்கிறாரு.” அப்பளத்தை நொறுக்கினார். “பாப்பாவாச்சும் இங்கன இருக்கட்டும்.”

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து, எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது: எங்களுக்குத் தற்காலிக அங்கீகாரம். சிட்டிக்கு, விஞ்ஞானக்கூடத்தில் சாமான் போதாது என்று கண்டனம். கண்டனம் வந்த வேகத்தில் அங்கே நன்கொடை குவிந்து, புத்தம்புது ஜெர்மன் மைக்ராஸ்கோப்புகளும் கல்லீரலோடு கூடிய ஒரு முழு மனிதரும் வந்து இறங்கினார்கள். பழசைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. எங்களால் பணக்காரப் பள்ளி இன்னும் பணக்காரப் பள்ளி ஆனது. சமத்துவத்துக்காக எங்கள் ஊர் செய்த ஒரே தொண்டு அது.

நான் திருச்சிக்குப் போகவில்லை. அம்மா குளியலறையில் பாட ஆரம்பித்தாள்.

டிரைவர் அண்ணனுக்கு அடுத்த மாதம் லீவு இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. வண்டி ‘ரிப்பேர்’ ஆன கோபத்தில் தலைவர் அதை ரத்து செய்தார். ஒரு வருஷம் தள்ளி என்றார். அப்பா டை கட்டிக்கொண்டு போய்க் கெஞ்சினார். “கலாஸ்”, முடிந்தது, என்று அரபியில் ஒரே வார்த்தையில் வழியனுப்பினார்களாம். அப்பா திரும்பி வந்து டையைக் கழற்றாமலேயே சோபாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாரும் ரேடியோ போடவில்லை.

அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை, உடைந்த நாற்காலிகளை இறக்க வந்தபோது, அண்ணன் மைக்ராஸ்கோப்பைக் காட்டி என்னிடம் கேட்டார்: “பாப்பா, அந்தக் கொழாய்ல என்னதான் தெரியும்?”

வெங்காயத்தோலைக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தார்.

“என்ன அண்ணே தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. எங்கண்ணு முடிதான் பெருசாத் தெரியுது.”

எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் வழியில்லை. விஞ்ஞானத்துக்கு டீச்சர் போட எங்கள் பள்ளிக்குப் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. பூகோள டீச்சர்தான் அதையும் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மிச்ச நாற்காலிகளை இறக்கப் போனார்.