மாமியார் கம்பளிக்கு ஒரு சிவப்பு ஓரம்

தெருமுனைப் பட்டறையில் கேட்டும் கிரில்லும் அடிக்கும் வெல்டருக்கு வாய் அதிகம் கிடையாது. அவர் மாமியாருக்கு அதைவிடக் கிடையாது. ஒரே வீட்டில் பல வருஷம் இருந்தும் இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. மனஸ்தாபம் ஒன்றுமில்லை. வெறும் கூச்சம், அதுவே பழகிப்போயிற்று.

"டீ ஆறுதுன்னு சொல்லு" என்பார் மாமியார்.

"குடிச்சிக்கறேன்னு சொல்லு" என்பார் இவர்.

நடுவில் நின்று அலுத்துப்போனவள் மனைவி. அவள் ஒரு தடவை ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போனாள். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது, மாமியாரின் கால்விரல் கம்பளியின் பிரிந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டது. விழப்போனவர் கட்டில் காலைப் பிடித்துத் தப்பித்தார். ஓடிவந்த வெல்டர் குனிந்து விரலை விடுவித்தார். இருவரும் வழக்கம்போல மூன்றாவது ஆளைத் தேடினார்கள். ஆளில்லை.

"அடி பட்டுச்சா... அத்தை?"

"இல்லீங்க மாப்பிள்ளை."

மாமனார் கடைசிவரை போர்த்திய கம்பளி அது. தூக்கிப் போடச் சொல்ல வெல்டருக்கு மனசு வரவில்லை. பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு, சிவப்புக் கம்பளி நூலும் தடித்த ஊசியும் வாங்கிவந்தார். நைந்த இழைகளை வெட்டி, ஓரத்தை மடித்து, நூலை விளிம்பு மேல் சுற்றிச் சுற்றித் தைத்தார். பொறி பட்டுக் காய்த்த விரல்களுக்கு ஊசி குத்துவதே உறைக்கவில்லை. ஒரு சாண் போவதற்குள் ஓரம் சுருக்குப்பை வாய்போல் சுருங்கியது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "அது என்ன இரும்பா? இந்த இழு இழுக்கறீங்களே!"

"அப்போ நீங்களே தைங்க அத்தை."

"தெரிஞ்சா தைக்க மாட்டேனா? இந்த வீட்ல பட்டன் தைச்சதே உங்க மாமாதான்."

வெல்டர் எல்லாவற்றையும் பிரித்தார். கேட்டுக்கு முதலில் அங்கங்கே ஒரு புள்ளி பற்றவைத்து நிறுத்துவதுபோல, மடிப்பில் அங்கங்கே ஒரு தையல் போட்டார். மாமியார் மறுமுனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். ஓரம் நேராக வந்தது.

"கல்யாணத்தன்னிக்கே உங்ககிட்ட பேசலாம்னு வந்தேன். மூஞ்சிய உம்முனு வெச்சிருந்தீங்க."

"பல்வலி அத்தை."

"இத்தனை வருஷமாவா?"

ஊரிலிருந்து திரும்பிய மனைவி, வாசலில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஏக ரகளை.

"அந்தப் பக்க ஓரம் நல்லாத்தானே இருக்கு அத்தை?"

"இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் செவப்பா இருந்தா நல்லாவா இருக்கு? நூலைக் கோருங்க மாப்பிள்ளை."