உப்புத் தண்ணீரில் கீறிய படம்

நீர்வர்ணப் படம் கீறுகிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் ஒரே மரியாதை, குசினி மேசையை எத்தனை மணிக்குக் காலி செய்வாள் என்ற கேள்விதான். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் தண்ணீரென்று நினைத்து, குடிக்க வைத்த பிளேன்ரீக்குள் தூரிகையைத் தோய்த்தவர்கள்தானே.

ஏழு நாள் பெட்டி

என் தங்கை சாந்திக்குத் தலைக்குள் கட்டி. ஆலங்குடாவில் கடலைப் பார்த்த வீட்டில் வாழ்ந்தவள், ஆறு மாதமாகச் சிலாபத்தில் என் வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். அடுத்த கிழமை சத்திரசிகிச்சை. பார்வை மிஞ்சும் என்று டொக்டர் வாக்குத் தரவில்லை. அதற்குள் தன் வாசல் கடலைப் பார்த்துவிட வேண்டுமாம். பயணம் செய்யக் கூடாது. போன் வெளிச்சம் பட்டாலே தலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "கடதாசியில கீறிக்கொண்டு வா" என்றாள், ஏதோ கடையில் பாண் வாங்கி வரச் சொல்வது போல.

அதுவரை நான் கீறியது வாழைப்பழமும் கேத்தலும் மட்டும். அவளுடைய வெறும் மாத்திரைப் பெட்டியில், கிழமை நாள் எழுதிய ஏழு குழியிலும் நிறங்களைப் பிதுக்கிக் காயவைத்தேன். ஞாயிறும் திங்களும் நீலம். தூரிகைகளைத் துவாயில் சுருட்டி, கடதாசி ஒட்டிய பலகையைத் தலையணை உறைக்குள் செருகி, ஒரு போத்தல் தண்ணீரும் தூரிகை கழுவ ஒரு டின்னும் வைத்தேன். வாசலில் நின்று பார்த்த என் கணவர் சொன்னார்: "கலியாணம் கட்டி வந்த அண்டைக்குக் கூட நீ இவ்வளவு சாமான் கொண்டு வரல்ல."

மாம்புரிக்குக் கிட்ட

கற்பிட்டி பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்தது. பயணத்துக்கு முன் பிள்ளைக்கு வயிறு முட்டச் சோறு தீத்தக் கூடாதென்று தாய்க்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, போத்தலைக் கொடுத்தேன். பிள்ளை குடித்து, வாய் கொப்பளித்து, தாய் முகம் கழுவிவிட, போத்தல் வெறுமையாகத் திரும்பி வந்தது. என் மடியில் இருந்த தூரிகைகளை அப்போதுதான் அவள் கண்டாள். "அல்லாவே! அக்கா, இதுல சாயம் ஒண்டும் கலந்திருக்கல்லயே?"

கடற்கரையில்

இறங்கிய இடத்தில் இன்னொரு போத்தல் வாங்கியிருக்கலாம். கடல் முழுக்கத் தண்ணீர் இருக்கையில் கடைக்கு நடப்பானேன் என்று, டின்னைக் கடலில் முக்கினேன். கொன்வென்டில் விஞ்ஞானப் பாடத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

காற்று மணலை அள்ளிக் கடதாசியில் போட்டது. சாந்தியின் பூட்டிய வீடு, தென்னைகள், வள்ளம், கடல் எல்லாம் எப்படியோ வந்தன. ஆனால் ஈரம் போகவில்லை. ஒரு மணித்தியாலம் வெயிலில் பிடித்த பிறகும் நீலம் விரலில் ஒட்டியது. அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தி வந்து தொட்டுப் பார்த்தாள்: "உப்புத் தண்ணியா? அப்ப இது கருவாடுதான் அக்கா. வெயிலுக்குக் காயும், மழைக்குக் கசியும்."

கட்டிலருகில்

பழுதாய்ப் போன படத்தைக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி, இன்னொரு தரம் போய்வர நாளுமில்லை. சாந்தி அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, கனநேரம் பார்த்தாள். நன்றி சொல்வாளென்று நான் காத்திருந்தது என் பிழை. "வாசல்ல தென்னை மூண்டு. நீ ரெண்டுதான் கீறியிருக்கிறாய்."

பிறகு

உயிர் தப்பினாள். பார்வை திரும்பவில்லை. படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைக்கப் போனேன், விடவில்லை. கை எட்டும் உயரத்தில், கண்ணாடி போடாமல், சுவரில் ஒட்டச் சொன்னாள். குருட்டுக்கு எதற்கு இந்த வீம்பு என்று வாய்க்குள் வந்ததை முதல் தடவையாக விழுங்கினேன்.

ஐப்பசியில் ஒரு காலை, அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வானம் இருட்டிக் கிடந்தது. இன்னும் ஒரு துளி விழவில்லை. அவள் சுவரிலிருந்த படத்தில் விரலை வைத்து, எடுத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, கொடியில கிடக்கிற உடுப்புகள எடு. கடல் நனைஞ்சிட்டுது, மழை வருது."

நல்ல தண்ணீரில் முறையாகக் கீறிய என் மற்றப் படங்கள் எல்லாம், அருமையாகக் காய்ந்து, அலுமாரிக்குள் ஒருவருக்கும் உதவாமல் கிடக்கின்றன.